முதலில் சிரிக்க ஒரு புத்தகம்!

பரீட்சை முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது.

திருவிடைமருதூரில் உச்சி வேளைக்குத் தேரோடும் வீதியில் ஆள் நடமாட்டம் கிடையாது. மகாலிங்க சாமி கோவில் பிராகாரத்தில் கால் வைத்தால் கல் சுடும். வீரசோழன் ஆற்றில் தண்ணீர் இல்லை. வெறும் மணல். சம்பா அறுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. பம்புசெட் இல்லாதவர்களுக்கு, மேட்டூர் அணை திறக்கும் வரை வயலில் பெரிய வேலை இல்லை.

இந்த நேரத்தில் அந்த ஊரில் ஒரு வீட்டை எட்டிப் பாருங்கள்.

அப்பா, பக்கத்தில் உள்ள திருபுவனத்தில் பட்டு நெய்கிறார். அம்மா வீட்டில் இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். மகன் 8-ம் வகுப்பு. திண்ணையில் அப்பாயி. வீட்டில் செல்போன் மூன்று. புத்தகம் எத்தனை என்று எண்ணினால் இவ்வளவுதான்: பள்ளிக்கூடப் பாடப்புத்தகம், பஞ்சாங்கம், பாங்கி கணக்குப் புத்தகம், காஸ் சிலிண்டர் புத்தகம்.

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்குப் பத்து இருக்கும்.

அந்த அப்பாயிக்கு எழுத்துத் தெரியும். 1990-களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தது. பகலில் களை எடுத்துவிட்டு, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து "அ" போடப் பழகிய தாய்மார்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், அதே இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் விடவும் கற்றுக் கொண்டார்கள். அந்தச் சைக்கிள் இன்றும் மறக்கவில்லை. எழுத்துதான் மறக்கிறது!

எழுத்து துருப்பிடிக்கும்

அரிவாளை எடுக்காமல் வைத்திருந்தால் துருப்பிடிக்கும். எழுத்தும் அப்படியே. கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் மட்டும் பயன்படுத்தினால், நாலு வருஷத்தில் கூட்டெழுத்து தடுமாறும். பத்து வருஷத்தில் "கண்ணு தெரியல" என்று சொல்லி, பேரனிடம் காகிதத்தை நீட்ட வேண்டியதுதான். பாதி நேரம் குறை கண்ணில் இல்லை.

பேரனும் அதே நிலைதான். அவன் மார்க்குக்காகப் படிக்கிறான். பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகத்தைப் பரண்மேல் போடுகிறான். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போய்விட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் ஒரு கதைப் புத்தகத்தைக் கூடத் தொடாதவர்கள் எத்தனை பேர்! இவர்களைப் படித்தவர்கள் என்கிறோம். படிக்கிறவர்கள் என்று சொல்ல முடியுமா?

இதற்கு வைத்தியம் என்று சொல்லிப் பெரியவர்கள் கொடுக்கும் புத்தகங்கள் என்ன? "வெற்றிக்கு வழி", "ஞாபகசக்தியை வளர்ப்பது எப்படி", போட்டித் தேர்வுக் கையேடு, பொது அறிவு. கோடை விடுமுறையிலும் கசாயம்!

கசாயம் கொடுத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். படிக்கிற பழக்கம் வேண்டும் என்றால் முதல் புத்தகம் சிரிக்க வைக்க வேண்டும். அடுத்தது என்ன ஆகுமோ என்று பதற வைக்க வேண்டும். வரலாறும் கனமான நாவலும் மூன்றாவது, நாலாவது பந்தியில் வரட்டும். அவசரம் இல்லை.

அப்படி ஒரு புத்தகத்தைத் தேடித் திருவிடைமருதூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். எழுதியவர் அந்த ஊரிலேயே பிறந்தவர்!

ஊர்க்காரர் தேவன்

அவர் பெயர் மகாதேவன். 1913-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி திருவிடைமருதூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் அதே ஊரில். பிறகு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. இருபத்தோரு வயதில் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதி "ஆனந்த விகட"னுக்கு அனுப்பினார். கட்டுரையும் அச்சாயிற்று, வேலையும் கிடைத்தது. 1942 முதல் அந்தப் பத்திரிகையின் பொறுப்பையே பார்த்தார். "தேவன்" என்ற பெயரில் எழுதிக் குவித்தார். 1957-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி காலமானார். வயது 43 தான்.

அந்தக் காலத்தில் அவருடைய தொடர்கதைக்காக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வந்தால் பக்கத்து வீடுகளுக்கும் அதுதான். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் அப்படித்தான் தேவனின் வாசகர்கள் ஆனார்கள்!

அவர் எழுதியதில் முதலில் எடுக்க வேண்டியது "துப்பறியும் சாம்பு".

சாம்பு ஒரு பாங்கி குமாஸ்தா. வழுக்கைத் தலை. வளைந்த மூக்கு. எல்லாரும் அவரை முட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அவருக்கும் அதில் பெரிய சந்தேகம் இல்லை. அப்படிப்பட்டவர் துப்பறிகிறவர் ஆகிவிடுகிறார்! எப்படி? எங்கேயோ தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். ஏதோ உளறுவார். அந்த உளறலே வழக்கின் முடிச்சை அவிழ்த்துவிடும். போலீஸ் இன்ஸ்பெக்டர் கோபாலனோ, "இவர் வேண்டுமென்றே முட்டாள் மாதிரி நடிக்கிறார். எவ்வளவு பெரிய மூளை!" என்று வியந்து போவார்.

வெளிநாட்டுத் துப்பறியும் கதைகளில் துப்பறிகிறவருக்கு எல்லாம் தெரியும். வாசகனுக்கு ஒன்றும் தெரியாது. காலடி மண்ணைப் பார்த்தே வந்தவன் யார் என்று சொல்லிவிடுவார். படிக்கிறவன் தன்னை மட்டமாக நினைத்துக் கொள்வான். சாம்பு கதையில் அது தலைகீழ்! உண்மை படிக்கிறவனுக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் கூடக் கதாநாயகனைவிட ஒரு படி மேலே உட்கார்ந்து சிரிக்கலாம். புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறு ஏது?

இன்னொரு வசதியும் உண்டு. இது ஒரே நீளமான கதை அல்ல. தனித்தனிக் கதைகள். ஒன்றைப் படித்து முடித்தால் ஒரு கதை முடிந்தது. நாளைக்கு வேறு. நேற்று எந்தப் பக்கத்தில் விட்டோம், யார் யாருக்கு என்ன உறவு என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சமையலுக்கு நடுவே அரைமணி கிடைக்கிற தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சில சொற்கள் இன்றைய பையனுக்குப் புரியாது. பழைய சென்னைப் பேச்சு, வடமொழிச் சொல், நடு நடுவே அந்தக் கால இங்கிலீஷ். அங்கேதான் அப்பாயி உதவிக்கு வருகிறார். "டவாலி என்றால் என்ன அப்பாயி?" என்று பேரன் கேட்பான். அப்பாயிக்குத் தெரியும். அப்பாயிக்கு ஒரு கூட்டெழுத்து தடுக்கும். பேரனுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு வாசகர்!

அதற்குப் பிறகு தேவனிலேயே வேறு வேறு ருசி இருக்கிறது. வழக்கு விசாரணை பிடித்தவர்களுக்கு "ஜஸ்டிஸ் ஜகந்நாதன்". கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு எப்படி நடக்கிறது, சாட்சியை எப்படி மடக்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். (அந்தக் காலத்தில் கொலை வழக்குகளில் ஜூரிகள் உண்டு. இப்போது இல்லை.) வேலை தேடும் இளைஞர்களுக்கு "மிஸ்டர் வேதாந்தம்". வசதியாக வளர்ந்த பையன் சொத்தை இழந்து, பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய், எழுதிச் சம்பாதிக்கலாம் என்று முயன்று படாத பாடு படுகிற கதை. எழுத்தாளர் ஆகும் ஆசை உள்ளவர்கள் அதைப் படித்த பிறகு முடிவு செய்வது நல்லது! வீடு கட்டுகிறவர்கள் "ராஜத்தின் மனோரதம்" படிக்கலாம். கொத்தனார், மேஸ்திரி, கடன், மனைவியின் யோசனை, சொந்தக்காரர்களின் யோசனை எல்லாம் உண்டு. கட்டி முடித்தவர்களும் படிக்கலாம். அவர்கள் சிரிப்பு கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் அவர் எழுத்து பொதுச்சொத்து. அந்தக் கணக்கில், 2018 முதல் தேவன் எழுதியதை யாரும் அச்சிடலாம்.

"இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. பொழுதுபோக்குத்தான்! யார் இல்லை என்றது? நீச்சல் கற்றுக் கொடுக்கிறவர் பிள்ளையை முதல் நாளே வெள்ளத்தில் தள்ளுவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் விளையாட விடுகிறார். பயம் போன பிறகுதான் ஆழம்.

ஆனால் வேறு ஒரு குறை சொல்ல வேண்டும். அது நியாயமான குறை. தேவனுடைய வீடுகள் பெரும்பாலும் படித்த, உத்தியோகம் பார்க்கிற குடும்பங்களின் வீடுகள். பிராமணக் குடும்பங்களே அதிகம். அவர் பிறந்த ஊரைச் சுற்றிலும் வயல். அந்த வயலில் இறங்கி நாற்று நட்டவர்கள் அவர் கதைகளில் அநேகமாக இல்லை. திருபுவனத்துத் தறிச் சத்தம் கேட்பதில்லை. அவர் ஒருவரோடு நின்றுவிட்டால், இந்த மண்ணில் பாதி ஜனங்கள் தங்களைப் புத்தகத்தில் பார்க்காமலே போய்விடுவார்கள்.

ஆகவே அடுத்த பந்தி.

தறி, வயல், கண்மாய்

தறி ஓட்டும் வீட்டில் படிக்க வேண்டியது எம்.வி.வெங்கட்ராம் எழுதிய "வேள்வித்தீ". அவர் கும்பகோணத்துக்காரர். சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர். பட்டு ஜரிகை வியாபாரமே செய்தவர். நூல் கடன், முதலாளி, கூலி, கல்யாணம், மாமியார், கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போவது என்று நெசவாளி வீட்டின் வாழ்வு முழுவதும் அந்த நாவலில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் படித்தால் "அப்படியா!" என்பார்கள். திருபுவனத்துக்காரர்கள் படித்தால் "ஆமாம், அப்படித்தான்" என்பார்கள். அந்த "ஆமாம்" பெரிய விஷயம். நம் வீட்டுச் சங்கதியும் புத்தகத்தில் அச்சாகும் என்று தெரிந்த பிறகு, புத்தகத்தைப் பார்த்துப் பயம் வராது. ஒரு எச்சரிக்கை: அது சிரிப்புப் புத்தகம் அல்ல. அப்பாவும் அம்மாவும் படிக்கட்டும்.

விவசாயிகளுக்கு, அண்மை வருஷங்களில் வந்ததில், சோ.தர்மனின் "சூல்". 2019-ம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நாவல். அவருடைய ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. காவிரி கிடையாது. கண்மாயை நம்பிய ஊர். அந்தக் கண்மாயை ஜனங்களே தூர் வாரி, கரை கட்டிக் காப்பாற்றிய காலமும், பிறகு அது கெட்டுப் போன காலமும்தான் கதை.

ஆற்றங்கரைக்காரர்களுக்குக் கண்மாய்க் கதை எதற்கு என்று கேட்கலாம். வீரசோழன் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே படித்தால் எதற்கு என்று புரியும். தண்ணீர் எங்கோ மேட்டூரில் இருந்து வரும், அரசாங்கம் திறந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறவர்கள், தண்ணீரைத் தாங்களே காத்த ஒரு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. பேச்சு நடை நெல்லைச் சீமை நடை. முதல் இருபது பக்கம் தட்டும். பிறகு சரளமாகப் போகும்.

உறவு, பங்காளிச் சண்டை, சாவு வீடு இவற்றைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தேவிபாரதியின் "நீர்வழிப் படூஉம்". 2023-ம் ஆண்டு பரிசு பெற்றது. கொங்குச் சீமையில் முடி வெட்டும் தொழில் செய்யும் குடும்பங்களின் கதை. காரு மாமா என்று ஒருவர் இறந்து போகிறார். சாவுக்குச் சொந்தங்கள் கூடுகிறார்கள். பழைய கோபங்கள், பழைய பாசங்கள் எல்லாம் கிளம்புகின்றன. சாவு வீட்டில் அழுகையும் உண்டு, சிரிப்பும் உண்டு. இந்தப் புத்தகத்திலும் உண்டு.

காவிரி ஓடிய வழி

இப்போது பயணம்.

மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. திண்ணையில் உட்கார்ந்தபடியே குடகு மலைக்குப் போக ஒரு வழி இருக்கிறது. "நடந்தாய் வாழி காவேரி" என்ற புத்தகம். தி.ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதியது. 1971-ல் வந்தது.

காவிரி பிறக்கிற இடத்தையும், அது கடலில் கலக்கிற பூம்புகாரையும், நடுவில் அது ஓடுகிற வழியையும் இவர்கள் நண்பர்களோடு போய்ப் பார்த்தார்கள். வழியில் கண்ட அருவி, அணை, கோவில், சாப்பாடு, பேசிய மனிதர்கள் எல்லாவற்றையும் எழுதினார்கள். பாடம் நடத்துகிற புத்தகம் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கெட்டிக்காரர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவது போல இருக்கும். இரு கரையையும் தொட்டு ஓடிய காவிரியை அந்தப் பக்கங்களில் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், எதிரே மணல்! அந்த அதிர்ச்சியையும் அந்தப் புத்தகம்தான் தரும்.

ஜானகிராமன் தஞ்சைச் சீமையில், மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் 1921-ல் பிறந்தவர். கும்பகோணத்தைக் களமாக வைத்து அவர் எழுதிய "மோகமுள்" பெரியவர்களுக்கான நாவல். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் அவருடைய ஒரு சிறுகதையை எல்லா வீட்டிலும் உரக்கப் படிக்கலாம். பெயர் "சிலிர்ப்பு". ரயிலில் ஒரு அப்பாவும் சின்னப் பையனும் போகிறார்கள். அதே வண்டியில் ஒரு சின்னப் பெண். பள்ளிக்கூடம் போகிற வயது. ஆனால் அவள் வீட்டு வேலை செய்யக் கல்கத்தாவுக்குப் போகிறாள். பையன் கையில் ஒரு ஆரஞ்சுப் பழம் இருக்கிறது. அந்தப் பழம் என்ன ஆகிறது என்பதுதான் கதை. படிக்க அரைமணி போதும். படிக்கிறவர் குரல் கடைசியில் தழுதழுத்தால், மற்றவர்கள் பார்க்காதது போல இருந்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளுக்கு இப்போது தமிழில் நல்ல புத்தகங்கள் வருகின்றன. பெற்றோருக்குத்தான் தெரிவதில்லை. கண்காட்சிக்குப் போனால் கலர் படம் பெரியதாக உள்ள இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் புத்தகம் அலமாரியில் அழகாக இருக்கும். யாரும் திறப்பதில்லை.

உதயசங்கர் எழுதிய "ஆதனின் பொம்மை" என்ற சிறுவர் நாவலுக்கு 2023-ம் ஆண்டு பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. கீழடியைச் சுற்றி எழுதிய கதை. 2,600 ஆண்டுக்கு முந்தைய கீழடி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த பையனுக்கு, அங்கேயும் தன் வயதுப் பையன் ஒருவன் விளையாடியிருப்பான் என்று தோன்றினால், வரலாறு கசக்குமா? அடுத்த ஆண்டு அதே பரிசு பெற்ற "தன்வியின் பிறந்தநாள்", யூமா வாசுகி எழுதிய சிறுவர் கதைகள். அவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். தஞ்சைச் சீமைப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் முறை!

சரித்திரக் கதை

கல்லூரிக்குப் போகும் மகள் "பொன்னியின் செல்வன்" வேண்டும் என்பாள். 2022-லும் 2023-லும் வந்த சினிமாவைப் பார்த்த பிறகு அந்த ஆசை பெருகியிருக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ஐந்து பாகம். நல்ல ஆசைதான். அவளுக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் புதிதாக எழுத்துப் படித்தவர் கையில் அந்த ஐந்து பாகத்தையும் ஒரேயடியாகக் கொடுப்பது, முதல் நாளே ஒரு வேலி நிலத்தைத் தனியாக நடச் சொல்வது போல. அவருக்கு "பார்த்திபன் கனவு" போதும். அதே கல்கிதான். சோழ ராஜாவும் பல்லவச் சக்கரவர்த்தியும் மாறுவேடமும் அதிலும் உண்டு. அளவில் மிகச் சிறியது.

ராஜா ராணிக் கதை படித்து அலுத்தவர்களுக்கு "காலா பாணி". மு.ராஜேந்திரன் எழுதியது. 2022-ம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு. எழுதியவர் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர். இதில் கற்பனை இளவரசி இல்லை. மருது சகோதரர்கள் தூக்கில் போடப்பட்ட பிறகு, 1802-ல் சிவகங்கைச் சீமையின் மன்னர் வேங்கைப் பெரிய உடையணத் தேவரையும் அவரோடு சேர்ந்தவர்களையும் கம்பெனிக்காரர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். எழுபதுக்கு மேற்பட்டவர்கள். அந்தக் கடல் பயணமும் அவர்கள் பட்ட துன்பமும்தான் நாவல். பட்டம் சூட்டுகிற கதைகள் தமிழில் நிறைய உண்டு. பட்டம் பறிபோன பிறகு ஒரு ராஜா என்ன ஆனார் என்ற கதை அபூர்வம்.

உண்மை வரலாறு சின்னச் சின்னதாக வேண்டும் என்றால் உ.வே.சாமிநாத ஐயர் இருக்கிறார். ஓலைச்சுவடி தேடி அலைந்த அதே தமிழ்த் தாத்தா. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவிடைமருதூர் மீது உலா பாடியவர். ஐயர் என்றதும் "என் சரித்திர"த்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது பெரிய புத்தகம். "நான் கண்டதும் கேட்டதும்" என்ற சின்னப் புத்தகத்தை முதலில் எடுங்கள். பழைய காலத்துச் சங்கீத வித்துவான்கள், புலவர்கள், ஜமீன்தார்கள், அவர்கள் செய்த வேடிக்கைகள். தாத்தா ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும்.

எப்படிப் படிப்பது?

வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் போதும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, திண்ணையில் தண்ணீர் தெளித்துவிட்டு, அரைமணி நேரம். ஒருவர் உரக்கப் படிக்கட்டும். நாளைக்கு இன்னொருவர். அப்பாயி முறை வரும்போது ஒரு பக்கம் போதும். தடுமாறினால் யாரும் பிடுங்கிக் கொள்ளக்கூடாது. பையன் சிரிக்கக்கூடாது. அவன் 1-ம் வகுப்பில் தடுமாறியபோது அப்பாயி சிரிக்கவில்லை.

பிடிக்காத புத்தகத்தை மூடிவிடலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. பத்துப் பக்கம் படித்தும் இழுக்காவிட்டால் வேறு எடுங்கள். பாடப்புத்தகத்துக்கு மட்டும்தான் கடைசிப் பக்கம் வரை போக வேண்டிய கட்டாயம் உண்டு. படித்து முடித்ததும், "இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?" என்று பிள்ளையைக் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை.

இத்தனை புத்தகத்துக்குக் காசு? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் "நூலக வரி" என்று ஒரு தொகை இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நாட்டிலேயே மற்ற மாகாணங்களுக்கு முன்பாக, 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் இதே காவிரிப் பகுதியில், சீர்காழியில் பிறந்தவர். நூலகத்துக்கான பணத்தைத் திருவிடைமருதூர் வீடுகள் வருஷா வருஷம் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டிய பணத்துக்குப் பொருளை வாங்காமல் வருகிறவர் உண்டா?

நூலகத்தில் உறுப்பினராகச் சேர ஆகிற காசு, ஒரு குடும்பம் ஒரு தடவை ஓட்டலுக்குப் போய் வருகிற செலவில் ஒரு பங்கு கூட இராது. போய், "துப்பறியும் சாம்பு இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால், "எங்கள் ஊரில் பிறந்தவர் எழுதியது சார், வரவழையுங்கள்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வேறு ஒன்றை எடுத்து வரவேண்டும். அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போகலாம். நூலகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவருக்குத் தெரியும்.